மண் மெஷின் பத்தி ப்ராஜெக்ட் செய்றன், எல்லாரும் கதைக்கிறாங்க ஆனா கையில ஒரு பேப்பரும் இல்ல, என்ன செய்றது?

படுவான்கரைப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். நான் இதழியல் படிக்கிறன், கடைசி வருசம். ப்ராஜெக்ட்டுக்குப் புலனாய்வுக் கட்டுரை ஒண்டு எழுதோணும் எண்டு சேர் சொல்லிட்டார், "கூட்டம் நடந்தது, அதிதி வந்தார், பொன்னாடை போர்த்தினாங்க எண்டு எழுதிக்கொண்டு வந்தா திருப்பித் தந்திருவன்" எண்டும் சொன்னார். நான் யோசிச்சுப் பார்த்தன், எங்கட வீட்டு வாசல்லயே ஒரு விசயம் ஓடிக்கொண்டு இருக்கேக்க வேற எங்க போறது எண்டு.

எங்கட ஊர் படுவான்கரைப் பக்கம், மட்டக்களப்பு வாவிக்கு மேற்கால, ஆத்தோட ஒட்டின ஊர். (திருத்தம்: ஊர்ப்பேர், துறைப்பேர், தேத்தண்ணிக் கடைப்பேர் எல்லாம் எடுத்துட்டன், ஏனெண்டு கீழ வாசிச்சா விளங்கும்.) ராவில பத்து பத்தரைக்குப் பிறகு ஆத்துமண் ஏத்திக்கொண்டு மெஷின் (உழவு இயந்திரத்தைத்தான் இங்க மெஷின் எண்டுறது) ஓடத் தொடங்கும், விடிய நாலு மணி வரைக்கும் நித்திரை இல்ல. சின்னனில நாங்க குளிச்ச இடத்தில இப்ப ஆள் தாழுற பள்ளம். கரை இடிஞ்சு ஒரு பெரிய மருதமரம் வேரோட ஆத்துக்க கிடக்கு. அம்மம்மா வளவுக் கிணத்துத் தண்ணி இப்ப வாயில வைக்கேலாது, உப்புக் கரிக்குது, மண் அள்ளுறதாலதான் எண்டு ஊரில எல்லாரும் சொல்றாங்க.

இதுவரைக்கும் ஒரு இருபது பேரோட கதைச்சிருப்பன். எல்லாரும் ஒரே மாதிரித்தான், "அது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே மகள்" எண்டு தொடங்கி அரை மணித்தியாலம் கதைப்பாங்க, அவர்ர ஆள் இவர்ர ஆள் எண்டு பேரும் சொல்லுவாங்க, கொப்பியை மூடேக்க "என்ட பேரை மட்டும் போட்டுறாத" எண்டு முடிப்பாங்க. பிரதேச செயலகத்துக்குப் போனன், ஒரு மேசையில இருந்து மற்ற மேசைக்கு அனுப்பி, கடைசியா ஒருத்தர் "தகவல் வேணுமெண்டா ஆர்டிஐ (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில விண்ணப்பம்) போடுங்க, அதுசரி நீங்க யார்ர ஆள்?" எண்டு கேட்டார். அந்தக் கேள்விக்கு என்ன சொல்றது எண்டே தெரியாம வந்துட்டன்.

என்ட கேள்வி என்னெண்டா, இவ்வளவும் வச்சு ஒரு கட்டுரை எழுதலாமா? ஆர்டிஐ போட்டா மாணவிக்கு எல்லாம் தருவாங்களா? போனை ஹேண்ட்பேக்ல வச்சு ரெக்கோட் பண்ணினா பிழையா? அப்பா "உனக்கு வேற தலைப்புக் கிடைக்கல்லயா" எண்டு ஒரே சண்டை. இன்னொண்டும் இருக்கு, சொல்லாம விட்டா சரியில்ல, எங்கட மாமா ஒராளும் மெஷின் ஓடுறவர், மண்தான் ஏத்துறவர்.


பழைய பேனா:

தங்கச்சி, முதல் வேலையா மேல போய் ஊர்ப்பேரையும் அந்தத் துறைப்பேரையும் கடைப்பேரையும் அழிங்க. இப்பவே. ஊரின்ட பேர், கடைசி வருச மாணவி, மெஷின் ஓடுற மாமா, இந்த மூண்டையும் சேர்த்தா நீங்க யாரெண்டு ஊரில உள்ள சின்னப் பிள்ளையும் சொல்லிடும். நீங்க யாரெண்டு தெரிஞ்சா நீங்க கதைச்ச அந்த இருபது பேர் யாரெண்டும் தெரிஞ்சிடும். கட்டுரை ஒரு எழுத்தும் வர முதலே அவங்களைக் காட்டிக் குடுத்திருப்பீங்க, உங்களுக்கு விளங்காமலே.

நான் மட்டக்களப்பில பிராந்திய செய்தியாளரா இருபது வருசத்துக்கு மேல குப்பை கொட்டினவன். பயப்படுத்த இல்ல, ஆனா இந்த ஊரில பேனா பிடிக்கிறவங்களுக்கு ஒரு நினைவு எப்பவும் இருக்கோணும். 2004 மே 31 காலம, வேலைக்குப் போய்க்கொண்டு இருந்த பத்திரிகையாளர் ஐயாத்துரை நடேசனை டவுனுக்க வச்சுத்தான் சுட்டாங்க. அடுத்த வருசம் ஏப்ரல் கடைசியில எங்கட மண்ணில பிறந்த, தராக்கி எண்ட பேரில எழுதின சிவராமைக் கொழும்பில கடத்திக் கொலை செய்தாங்க. அது வேற காலம், இப்ப அப்படி இல்ல எண்டு சொல்லுவாங்க, சரி, இருக்கட்டும். ஆனா உங்கட அப்பா சண்டை பிடிக்கிறது கோழைத்தனத்தால இல்ல, அவர் அந்தக் காலத்தைக் கண்ட மனுசன். அவரோட இருந்து ஆறுதலாக் கதைங்க. ராவில ஆத்தங்கரைப் பக்கம் போகமாட்டன் எண்டு அவருக்குச் சத்தியம் பண்ணிக் குடுங்க, குடுத்ததைக் காப்பாத்துங்க.

இப்ப விசயத்துக்கு வாறன். உங்கட்ட இருக்கிறது கட்டுரை இல்ல, ஊர்க்கதை. ஊர்க்கதை பொய் எண்டு சொல்லல்ல, அனேகமா உண்மையாத்தான் இருக்கும். ஆனா "எல்லாருக்கும் தெரியும்" எண்டுற விசயத்தில புதுசா என்ன இருக்கு? மண் அள்ளுறாங்க எண்டு பத்திரிகையில வராத மாசம் இல்லையே. எவ்வளவு அள்ளலாம் எண்டு கடதாசி சொல்லுது, எவ்வளவு உண்மையில போகுது, கடதாசி யார்ர பேரில இருக்கு, அந்தக் காசு எங்க போகுது, இதுக்கு ஒரு விடை கண்டாலே போதும், அதுதான் உங்கட கட்டுரை.

ஹேண்ட்பேக் ரெக்கோடிங் வேணாம். படிக்கிற பிள்ளை அதில மாட்டினா கெம்பஸும் பின்னால நிக்காது. கதைச்சு முடிச்சு வெளிய வந்த கையோட ஒரு மரத்தடியில நிண்டு நாள், நேரம், அவர் சொன்ன சொல்லு அப்படியே கொப்பியில எழுதுங்க. சனத்தின்ட பேரை அந்தக் கொப்பியில எழுதாதீங்க, அ, ஆ எண்டு போட்டுட்டுப் பேர் உள்ள தாள் வேற வீட்டில இருக்கட்டும். வாட்ஸ்அப்பில வாற வொய்ஸ் மெசேஜ் கூகுள் டிரைவுக்குத் தானா பேக்கப் போகும், போனில பார்த்து நிப்பாட்டுங்க.

மாமா விசயம் நீங்களாச் சொன்னது பெரிய காரியம். இதை இங்க சொன்னது காணாது, சேர்ட்ட எழுத்தில சொல்லுங்க. மாமாவை ஆதாரமா வைக்காதீங்க, அவர்ட்ட ஒரு கேள்வியும் கேக்காதீங்க, டிரைவர்மாரோட கதைக்கிற பகுதியை வகுப்பில வேற ஒராளைக் கொண்டு செய்விங்க.

மறுகா ஒண்டு. "நீங்க யார்ர ஆள்" எண்டு கேட்டா "நான் ஸ்டூடன்ட், இது என்ட ஐடென்டி கார்ட்" எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லுங்க, அதுக்கு மேல ஒரு விளக்கமும் வேணாம். எங்கட்டயும் முப்பது வருசமா இதைத்தான் கேக்கிறாங்க.


படுவான்கரைப் பிள்ளை:

அண்ணா நன்றி. அழிச்சிட்டன். எனக்கு அது மண்டையில ஓடவே இல்ல, இப்ப வாசிச்சுப் பார்க்க வயிறு கலங்குது. சேர்ட்டையும் மாமா விசயம் சொல்லிட்டன், அவர் ஒரு நிமிசம் யோசிச்சிட்டு "அதைக் கட்டுரையிலயும் ஒரு வரி போடோணும்" எண்டார். ஆர்டிஐ பத்தி யாராவது செய்து பழகின ஆக்கள் இருந்தா சொல்லுங்க, இணையத்தில வாசிச்சதில ஒண்டும் ஒழுங்கா விளங்கல்ல.


அக்கரைப்பற்றுக் காக்கா:

மகள், ஆர்டிஐ எண்டா என்னக் கேளுங்க, எங்கட ஊர் ரோட்டு ஒண்டுக்காக ரெண்டு வருசம் அதோட மல்லுக்கட்டின மனிசன் நான். ரிப்போட்டரும் இல்ல லோயரும் இல்ல, ஹாட்வெயார் கடை வெச்சிரிக்கன்.

சட்டம் 2016ம் ஆண்டு 12ம் இலக்கம், 2017 பெப்ரவரி 3ல இரிந்து நடைமுறையில இரிக்கி. இலங்கைப் பிரஜையா இரிந்தாப் போதும், மாணவி, ரிப்போட்டர், மீன் யாவாரி எல்லாம் ஒண்டுதான். ஏன் கேக்கிறீங்க எண்டு காரணம் செல்லத் தேவல்ல, அவங்க கேக்கவும் ஏலா, கேட்டா "சட்டத்தில இல்லயே சேர்" எண்டு மெதுவாச் செல்லுங்க. போம் ஒண்டு இரிக்கி, கிடைச்சா அதில நிரப்புங்க, கிடைக்காட்டி வெள்ளத் தாள்ல எழுதிக் குடுத்தாலும் சரிதான். தமிழில கேளுங்க, தமிழில மறுமொழி வேணும் எண்டும் அதிலயே எழுதுங்க. எனக்குத் தலைமை ஒபிஸ் ஒண்டுல இரிந்து முழுக்கச் சிங்களத்துல மறுமொழி வந்திச்சி, நான் திருப்பி எழுதினன், 1987ல 13ம் திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழிதானே சேர் எண்டு, மூணு கிழமையில தமிழில வந்திச்சி, தமிழ் கொஞ்சம் நொண்டி நொண்டித்தான் நடந்திச்சி, ஆனா வந்திச்சி.

குடுத்த உடனே கையில ஒரு துண்டு வாங்கோணும், இன்ன திகதி இன்ன விண்ணப்பம் கிடைச்சது எண்டு. அதைத் தராம "நாளைக்கு வாங்க" எண்டா அங்கயே கதிரையில இரிங்க. பதிவுத் தபால்ல அனுப்பினா அந்த ரிசீட்டைக் கவனமா வைங்க. 14 வேலை நாளுக்குள்ள தாறமா இல்லயா எண்டு முடிவு செல்லோணும். தாறம் எண்டா கொப்பிக் காசைக் கட்டி அதுக்குப் பொறகு 14 நாளுக்குள்ள கையில தரோணும், பெரிய வேலை எண்டா இன்னும் 21 நாள் வரைக்கும் இழுக்கலாம். மாட்டம் எண்டாலோ வாயே துறக்காட்டியோ 14 நாளுக்குள்ள அதே ஒபிஸ்ல மேன்முறையீட்டு அலுவலருக்குப் போடோணும், அவருக்கு மூணு கிழமை. அதுவும் சரிவரல்ல எண்டா ரெண்டு மாசத்துக்குள்ள கொழும்பு ஆணைக்குழு. கூட்டிப் பாருங்க, உங்கட ப்ராஜெக்ட் ஒப்படைக்கிற நாள் அதுக்குள்ள வந்திட்டுப் போயிரும். அதுக்காகத்தான் செல்லுறன், நாளைக்கே போடுங்க. வராட்டியும் "இன்ன திகதி கேட்டன், இன்ன திகதி வரைக்கும் தரல்ல" எண்டுறதை அப்படியே கட்டுரையில எழுதலாம்.

நான் விட்ட பிழையச் செல்லுறன், நீங்க விடாதீங்க. முதல் தரம் நான் எழுதினது இப்படி, "எங்கட ரோட்டை ஏன் ஒழுங்காப் போடல்ல, இதுல ஊழல் நடந்திரிக்கா, சகல விபரமும் தரவும்." மறுமொழி ஒரே வரி, "அவ்வாறான தகவல் எம்மிடம் இல்லை." கோவம் வந்திச்சி, ஆனா அவங்க செல்லினது சரி. ஆர்டிஐ எண்டா அவங்கட அலுமாரியில இரிக்கிற கடதாசிய எடுக்கிற சாவி, "ஏன்" எண்டு கேட்டா அலுமாரியில "ஏன்" எண்டு ஒரு பைல் இல்லயே. ரெண்டாம் தரம் மதிப்பீட்டுப் பிரதி, ஒப்பந்தப் பிரதி, வேலை முடிஞ்சது எண்டு ஒப்பம் வெச்ச சான்றிதழ்ப் பிரதி எண்டு மூணு கடதாசியப் பேர் செல்லிக் கேட்டன். மூணும் வந்திச்சி. மூணாவதுல ரோட்டு முடிஞ்சிரிக்கி, நாங்க இன்னமும் கிரவல்ல சைக்கிள் ஓடிக்கொண்டிரிக்கம்.

நீங்களும் "சட்டவிரோத மண் அகழ்வு" எண்ட சொல்லையே எழுதிராதீங்க, அதை வெச்சே இல்லெண்டு செல்லுவாங்க. இன்ன பிரதேச செயலகப் பிரிவுல, இன்ன திகதில இரிந்து இன்ன திகதி வரைக்கும் குடுத்த ஆத்துமண் பெர்மிட் எத்தின, ஒவ்வொண்டுலயும் எவ்வளவு கியூப் (மண் அளக்கிற கணக்கு), எப்ப முடியுது, இவ்வளவுதான் கேள்வி.

இன்னொண்டு, அம்பாறைப் பக்கம் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டுல யானை பொலித்தீன் தின்னுற படம் உலகம் முழுக்கப் போச்சிது, பார்த்திரிப்பீங்க. படத்தைப் பார்த்து எல்லாரும் அழுதாங்க. ஆனா அந்த இடத்தைச் சுத்தி இரிந்த மின்வேலி 2014ல இடி விழுந்து பழுதானது, திருத்தவே இல்ல எண்டதுதான் எனக்கு மனசில நிண்டது. வேலி திருத்தக் காசு கேட்டு யாரோ ஒரு கடிதம் எழுதித்தானே இரிப்பாங்க, இல்லாட்டி எழுதாம விட்டிரிப்பாங்க. அந்தக் கடிதத்தத் தேடுற ஆள்தான் நீங்க.


ஆத்தோரம்:

எல்லாரும் பெரிய பெரிய சட்டம் கதைக்கிறீங்க, ஒரு டிரைவர்ர வாயால கேளுங்க. நானும் மெஷின் ஓடினவன், இப்ப டிப்பர். சுனாமிக்குப் பிறகு, யுத்தத்துக்குப் பிறகு மட்டக்களப்பில கட்டின வீடெல்லாம் எந்த மண்ணில கட்டினது? கொழும்பில இருந்து கொண்டு வந்தாங்களா? தங்கச்சி படிக்கிற கெம்பஸ் கட்டடத்துக்கும் ஆத்துமண்தான் போட்டது. எங்களுக்கு லோட் கணக்குக்குத்தான் காசு, மாரியில ஆறு பெருகினா அதுவும் இல்ல. பிடிச்சா மறியல் எங்களுக்கு, தண்டப்பணம் எங்கட பேரில, பெர்மிட் வச்சிருக்கிற ஐயா வீட்டில ஏசி போட்டுப் படுத்திருப்பார். நீங்க பேப்பர்ல போட்ட உடனே பொலிஸ் நாலு நாளைக்கு வந்து ஆரைப் பிடிக்கும்? எங்களைத்தான். அஞ்சாம் நாள் திரும்ப எல்லாம் பழையபடி. உங்களுக்கு மார்க்ஸ் வரும், எங்கட வீட்டில அடுப்பு எரியாது.

ஒரு கேள்வி கேக்கிறன் தங்கச்சி, மெஷின் எண்ணுறீங்களே, மாமாட மெஷினையும் சேர்த்தா எண்ணுறீங்க?


பழைய பேனா:

ஆத்தோரம் தம்பி, கோவத்தில சொன்னாலும் மூண்டு கட்டுரைக்கு விசயம் தந்திருக்கீங்க. நான் எழுதின காலத்தில பெரிய பிழை ஒண்டு விட்டன், அதை இங்க சொல்றதில வெக்கம் இல்ல. "ஐந்து உழவு இயந்திரங்களுடன் ஐவர் கைது" எண்டு பொலிஸ் தந்த செய்தியை அப்படியே போட்டுப் போட்டு, டிரைவர்மார்ர பேரை வயதோட எழுதியிருக்கன், உரிமையாளர் யாரெண்டு ஒரு நாளும் கேட்டதில்ல. அவங்கட பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில என்ன பாடு பட்டுதுகளோ.

தங்கச்சி, இதை வச்சே உங்களுக்கு ஒரு வழி சொல்றன். நீதவான் நீதிமன்றத்தில மண் வழக்கு எடுக்கிற நாள் பார்த்துப் போய்ப் பின்வாங்கில இருங்க, திறந்த நீதிமன்றம்தானே, ஒழுங்கா உடுத்துப் போனைப் பூட்டிட்டு இருந்தா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டாங்க. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டம் கட்டுறது டிரைவர். ஆனா வாகனத்தை விடுவிச்சு எடுக்கப் பதிவில உள்ள உரிமையாளர்தான் வரோணும். அந்தக் கட்டத்திலதான் பேர் வெளிய வரும். சில நேரம் புத்தகத்தில லீசிங் கொம்பனியின்ட பேர் இருக்கும், அப்ப ரெண்டு தரம் யோசிச்சுத்தான் எழுதோணும். ஒரு நாள் போய்ப் பிரயோசனம் இல்ல, பத்து நாள் போனா ஒரே முகம் திரும்பத் திரும்ப வருதா எண்டு விளங்கும்.

டிரைவர்மார்ர பேரையும் மெஷின் நம்பரையும் கட்டுரையில போடாதீங்க. அவங்க இந்தக் கதையில கடைசி ஆள்.


கல்லடி வரைபடம்:

ஹாய், நான் புவியியல் படிச்சுட்டு வரைபட வேலைதான் செய்றன். ஆத்தங்கரைக்குப் போகாமலே நிறையப் பார்க்கலாம். கூகுள் ஏர்த் ப்ரோவைக் கம்ப்யூட்டர்ல போட்டு மேல இருக்கிற மணிக்கூடு மாதிரி அடையாளத்தை அமத்தினா பழைய வருசப் படங்கள் வரும். சென்டினல் 2 செய்மதிப் படம் சும்மாவே கிடைக்குது, கோப்பர்நிக்கஸ் ப்ரௌசர் எண்டு தேடுங்க, அஞ்சு நாளைக்கு ஒருக்காப் படம் வரும், 2015ல இருந்து இருக்கு. ஒரு புள்ளி 10 மீட்டர், அதால மெஷின் டிப்பர் தெரியும் எண்டு எதிர்பார்க்காதீங்க, ஆத்தின்ட அகலம், மணல்திட்டு காணாமப் போனது, கரை உள்ள வந்தது, இது தெரியும். நவம்பர் தொடக்கம் ஜனவரி வரைக்கும் எங்கட பக்கம் ஒரே முகில், அந்தப் படங்களோட மினக்கெடாதீங்க, ஒவ்வொரு வருசமும் ஓகஸ்ட் படத்தை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வச்சுப் பாருங்க, தண்ணி மட்டம் ஒரே மாதிரி இருந்தாத்தான் ஒப்பிடலாம்.

ஆனா நான் சொல்ல வந்தது வேற. கரை இடிஞ்சதுக்கும் கிணறு உப்பானதுக்கும் மண் அள்ளினதுதான் காரணம் எண்டு நீங்க முடிவெடுத்திட்டு எழுதுற மாதிரி இருக்கு. இருக்கலாம், ஆத்தின்ட அடி தாழ்ந்தா கடல் பக்கத்து உப்புத்தண்ணி இன்னும் மேல ஏறும், கரைக்குக் கீழ பிடிமானம் போகும், இது தெரிஞ்ச விசயம். ஆனா 2011 ஜனவரி வெள்ளத்திலயும் 2024 நவம்பர் வெள்ளத்திலயும் மண் அள்ளாத இடத்திலயும் கரை இடிஞ்சதுதானே. அந்த மருதமரம் எந்த வருசம் விழுந்தது? வெள்ளத்துக்கு முதலா பிறகா? படத்தில பார்த்தா அதுகூடத் தெரியலாம். கிணத்து விசயத்தில முகத்துவாரம் (வாவி கடலோட சேருற வாய்) எப்ப வெட்டினது, எப்ப மூடினது எண்டதையும் பாருங்க, வாவிக்குக் கிட்டின ஊர் எண்டா அதாலயும் உப்பு ஏறி இறங்கும். ஒரு கிணத்தை வச்சு ஒண்டும் சொல்லேலாது. ஆத்துக்குக் கிட்ட அஞ்சு கிணறு, தூரத்தில அஞ்சு கிணறு, சின்ன மீட்டர் ஒண்டால உப்பை அளந்து மாசத்துக்கு ஒருக்கா எழுதுங்க, மீட்டர் உங்கட கெம்பஸ் விவசாய பீடத்தில கேட்டா இரவல் தருவாங்க. அளந்து வாறது நீங்க நினைச்சதுக்கு எதிரா வந்தாலும் அதைத்தான் எழுதோணும் சரியா.


பெயர் வேண்டாம்:

அரச அலுவலகம் ஒண்டில பைல் தூக்கிற வேலைதான் எனக்கு, எங்க எண்டு கேக்காதீங்க. இந்த ஒரு பதிவைத் தவிர வேற எழுதமாட்டன்.

கனிமம் அள்ளுறதுக்கு லைசன் குடுக்கிறது புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகம், 1992ம் ஆண்டு 33ம் இலக்கச் சட்டத்துக்குக் கீழ. நாங்க எல்லாம் ஜிஎஸ்எம்பி எண்டுதான் சொல்றது. தலைமையகம் பிட்டகோட்டையில. லைசன் இல்லாம அள்ளவும் ஏலாது, ஏத்திக்கொண்டு போகவும் ஏலாது. பிரதேச செயலகம் பெர்மிட் குடுக்கிற இடம் எண்டு சனம் நினைக்கும், அங்க இருந்து போறது சிபாரிசுக் கடிதம், வழமையா நீர்ப்பாசனம், சுற்றாடல் எண்டு வேற இடத்துக் கடிதங்களும் போகும். அதால உங்களை மேசைக்கு மேசை அனுப்பினவங்களில பாதிப்பேர் ஒளிக்கல்ல, உண்மையிலயே அவங்கட மேசையில அந்தக் கடதாசி இல்ல.

நான் உங்களா இருந்தா ஒரே காலப்பகுதிக்கு, ஒரே பிரிவுக்கு, மூண்டு இடத்துக்கு மூண்டு விண்ணப்பம் ஒரே நாள்ல போடுவன். ஜிஎஸ்எம்பிக்கு, குடுத்த லைசன் எத்தின, எவ்வளவு கியூப், அறவிட்ட ரோயல்ட்டி (அள்ளுற மண்ணுக்கு அரசுக்குக் கட்டுற காசு) எவ்வளவு. பிரதேச செயலகத்துக்கு, அனுப்பின சிபாரிசுக் கடிதங்களின்ட பிரதி. பொலிஸுக்கு, அதே காலத்தில பிடிச்ச மண் வழக்கு எத்தின, அதில லைசன் காட்டினது எத்தின. மூண்டும் வந்து ஒண்டோட ஒண்டு பொருந்தினா சந்தோசம், உங்கட கட்டுரை வேற மாதிரிப் போகும். பொருந்தாட்டி எந்த இடத்தில பொருந்தல்ல எண்டு பாருங்க, அங்கதான் தோண்டோணும். தனியாள்ர தகவல் எண்டு லைசன்காரர்ர பேரைத் தரமாட்டம் எண்டு சொல்லக்கூடும், அப்ப 5ம் பிரிவில பொதுநலன் எண்டு ஒரு உபபிரிவு இருக்கு, மேன்முறையீட்டில அதைச் சொல்லுங்க. கணக்காய்வாளர் நாயகத்தின்ட அறிக்கைகளையும் தேடிப் பாருங்க, இணையத்தளத்தில தமிழிலயும் கிடக்கு, ஒருத்தரும் வாசிக்கிறதில்ல.

எண்ணுற விசயத்தில ஒரு கணக்குச் சொல்றன். ஒரு கியூப் எண்டா 100 கனஅடி. மெஷின் பெட்டி கிட்டத்தட்ட ஒரு கியூப், டிப்பர் மூண்டு கியூப் அளவில பிடிக்கும். உதாரணத்துக்கு லைசன்ல மாசத்துக்கு 100 கியூப் எண்டு இருந்து, ராவைக்குப் பதினஞ்சு மெஷின் போகுதெண்டா ஏழாம் நாளோட அந்த மாசக் கணக்கு முடிஞ்சிரும். ஆனா அந்தப் பதினஞ்சும் ஒரே லைசனுக்குப் போனதெண்டு உங்களுக்கு எப்படித் தெரியும்? பக்கத்துப் பிரிவில இருந்து வாறதும் அதே ரோட்டாலதான். அதுக்காகத்தான் எல்லா லைசனையும் கேக்கச் சொல்றன்.

நல்லா வரட்டும் பிள்ளை. நான் வாறன்.


படுவான்கரைப் பிள்ளை:

ஒரு கிழமைக்குப் பிறகு வாறன், மன்னிக்கோணும். நடந்ததைச் சொல்றன்.

மூண்டு விண்ணப்பமும் போட்டுட்டன். ரெண்டு நேர, ஒண்டு பதிவுத் தபால். ஒரு இடத்தில துண்டு தர மாட்டம் எண்டாங்க, காக்கா சொன்ன மாதிரிக் கதிரையில இருந்தன், முக்கால் மணித்தியாலம், பிறகு ஒரு அக்கா வந்து சீல் அடிச்சுத் தந்திட்டு "சாப்பிட்டிங்களா" எண்டும் கேட்டா. மற்ற இடத்தில காரணம் கேட்டாங்க, சட்டத்தில இல்லயே சேர் எண்டு சொல்லேக்க குரல் நடுங்கினது எனக்கே கேட்டது, ஆனா வாங்கிட்டாங்க.

வீட்டு யன்னலால மூண்டு ரா எண்ணினன், ரோட்டுப் பக்கம் போகல்ல, அப்பாவும் பக்கத்தில கதிரை போட்டு இருந்தார். முதல் ரெண்டு ரா லைட் வெளிச்சத்தை மட்டும் எண்ணி எழுதினதால பிரயோசனம் இல்ல, வெறும் பெட்டியோட போறதும் நிறைஞ்சு வாறதும் பிரிக்கேலாமப் போச்சு. மூண்டாம் ரா நிறைஞ்சு வாறதை மட்டும் எண்ணினம், பாரத்தோட வாற சத்தமே வேற எண்டு அப்பாதான் கண்டுபிடிச்சார். இன்னும் கொஞ்ச நாள் எண்ணினாத்தான் சொல்லலாம்.

ஆத்தோரம் அண்ணாக்கு ஒரு மறுமொழி கடன் இருக்கு. நீங்க கேட்ட நேரம் கோவம் வந்தது. உண்மையைச் சொன்னா அந்த மூண்டாம் ரா கொப்பியில முதல்ல 16 எண்டுதான் எழுதினன். பன்னெண்டரைக்குப் போன மெஷின்ட சத்தம் எனக்குத் தெரியும், சைலன்சர் வெடிச்சது, சின்னனில அந்தப் பெட்டியில ஏறித்தான் திருவிழாவுக்குப் போறது. அப்பா கொப்பியைப் பார்த்தார், ஒண்டும் சொல்லல்ல. விடியத்தான் வெட்டிட்டு 17 எண்டு போட்டன், வெட்டினது தெரியிற மாதிரியே இருக்கட்டும் எண்டு விட்டுட்டன்.

அதோட, பழைய பேனா அண்ணா, டிரைவர்மாரோட கதைக்கிறதுக்கு என்ட வகுப்புத் தோழி ஒராள் ஓம் எண்டிருக்கா. ஆத்தோரம் அண்ணா அவவோட கதைக்க விருப்பமெண்டா உள்பெட்டியில சொல்லுங்க, பேர் வராது.


ஆத்தோரம்:

17ஓ. சரி.

கதைக்கிறன். ஆனா போன்ல ஏலாது, நேர. பகல்ல, டவுனுக்க எங்கயாவது. கிழமையில ஞாயிறு மட்டும்தான் எனக்கு ஓய்வு.


அக்கரைப்பற்றுக் காக்கா:

துண்டைப் படம் எடுத்து வெச்சிட்டீங்களா மகள்? 14 நாள் எண்ணக்குள்ள சனி, ஞாயிறு, போயா எல்லாம் கழிச்சித்தான் எண்ணோணும், நான் அதைக் கழிக்காம முந்திப் போய் அவமானப்பட்டு வந்த ஆள்.


படுவான்கரைப் பிள்ளை:

எடுத்துட்டன் காக்கா. கலண்டர்ல ஒவ்வொரு நாளா வட்டம் போட்டுக்கொண்டு வாறன், இண்டைக்கு அஞ்சு.